விளையாட்டுக்குக்கூட விற்காத விஷம்

என் கடையில் பூச்சிமருந்து வாங்க வருகிறவர் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். என்ன பயிர், என்ன பூச்சி, எவ்வளவு நிலம். பதில் ஒத்துவந்தால் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைப்பேன். கைக்குக் கை கொடுக்க மாட்டேன். வைக்கும்போது "முருகா" என்று ஒரு வார்த்தை சொல்லுவேன். வாங்குகிறவர் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒத்தக்கடையில் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. திருவாதவூர்ப் பக்கத்து விவசாயிகள் கடைப்படி ஏறும்போதே, "நெல்லுண்ணே, குருத்துப்பூச்சிண்ணே, ஒண்ணரை ஏக்கருண்ணே, முருகா" என்று என் பங்கையும் சேர்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். சிரிக்கட்டும். எனக்குப் படிப்பு பத்தாவதோடு சரி. கடை லைசென்சுக்காக ஒரு வருடம் ஞாயிறுதோறும் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அங்கே எத்தனையோ சொல்லிக்கொடுத்தார்கள். இந்த மூன்று கேள்வி மட்டும் அங்கே கற்றதில்லை. அது வேறு இடத்தில் கிடைத்தது. பின்னால் சொல்கிறேன்.

போன வருடம் இந்த மூன்று கேள்வியால் ஒரு ராஜ்ஜியமே தடுமாறிப்போனது. அதுகூடப் பரவாயில்லை. என் மருமகன் என் வீட்டுப் படி ஏறுவது நின்றுவிடுமோ என்று நான் பயந்த நான்கு நாட்களும் அதனால்தான் வந்தன.

மருமகன் என் மகளே தேடிக்கொண்டவர். மதுரைக்காரர்தான், சௌராஷ்டிரா குடும்பம். அவர்கள் வீட்டுக்குள் அவர்கள் பாஷை ஓடும். கல்யாணத்துக்கு முன் ஒரு வருடம் நான் முரண்டு பிடித்தேன். பையனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. "நம்ம ஆளுக இல்லையே" என்ற ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் கோயிலில் வைத்துக் கல்யாணம் நல்லபடி நடந்தது. அதற்கப்புறம் எங்களுக்குள் சண்டை இல்லை. பேச்சும் இல்லை.

ஞாயிறு மத்தியானம் காளவாசலில் இருந்து இரண்டு பேரும் வண்டியில் வருவார்கள். கீழே கடை, மேலே வீடு. படியேறி வந்ததும் நான் எழுந்து நிற்பேன்.

"வாங்க மாப்ள."

"வாரேன் மாமா."

"வெயிலு..."

"ஆமா மாமா, வெயிலு."

அவ்வளவுதான். அப்புறம் நான் மின்விசிறியைப் பார்ப்பேன், அவர் செல்போனைப் பார்ப்பார். மாட்டுத்தாவணியில் வேறு வேறு ஊர் பஸ்ஸுக்கு நிற்கிற இரண்டு பேர் மாதிரி இருப்போம். சாப்பாடு வந்தால்தான் உயிர் வரும். மாதம் ஒரு கிருத்திகைக்குத் திருப்பரங்குன்றம் போகிறவன் நான். மற்றவர்கள் நிலம் கேட்பார்கள், வேலை கேட்பார்கள். நான், "அப்பனே, அந்தப் பிள்ளையோட பேசுறதுக்கு எனக்கு ஒரு சேதி குடு" என்று கேட்டு நின்றிருக்கிறேன்.

முருகன் கொடுத்த சேதி விளையாட்டாக வந்தது.

அவர்கள் நான்கு பேர் சேர்ந்து விளையாடுவார்கள். காளவாசல் வீட்டு ஓனர் சத்தம் தாங்காமல் கோபித்துக்கொள்ள, ஜமா எங்கள் வீட்டு ஹாலுக்கு வந்தது. எனக்குப் புரிந்த அளவில் அந்த விளையாட்டைச் சொல்கிறேன். சீட்டு இல்லை, காய் நகர்த்துவதும் இல்லை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். "எதிரே கோட்டை. வாசலில் இரண்டு காவல்காரர்கள். என்ன செய்யப்போறீங்க?" என்று கதை சொல்பவர் கேட்பார். இவர்கள் கூடிக் கூடிப் பேசி ஒரு முடிவு சொல்வார்கள். அது பலிக்குமா என்று பார்க்க இருபது முகம் உள்ள ஒரு பகடையை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தால் பலித்தது. சின்ன எண் விழுந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கதை சொல்கிறவர் என் மருமகன். வெயில் என்ற ஒரு சொல்லுக்கு மேல் பேசாத அந்த மனிதரா இவர் என்று நான் வாயைப் பிளந்தேன். ராஜா குரல், கிழவி குரல், குதிரை கனைப்பு எல்லாம் அவர் வாயில் இருந்து வந்தது. என் மகள் வாள்வீராங்கனை. அவளுடைய ஆபீஸ் தோழி, கண்ணாடி போட்ட பெண், மந்திரக்காரி. கப்பலூரில் ரப்பர் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் நெட்டைத் தம்பி ஒருவர் திருடன். நிஜத்தில் அவர் இரண்டு பணியாரத்துக்கு மேல் கேட்கக் கூச்சப்படுகிற ஆள்.

நான் பேப்பர் படிக்கிற பாவனையில் மூலை நாற்காலியில் உட்கார்ந்து கேட்பேன். ஒரு நாள் திருடன் மதில் ஏற முடியாமல் மூன்று தடவை விழுந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"பின்னாடி சாக்கடை போகும்ல தம்பி, அதுவழியா நுழைய வேண்டியதுதான?"

எல்லோரும் திரும்பினார்கள். மருமகன் ஒரு கணம் யோசித்தார். "ஆமா மாமா. சாக்கடை இருக்கு" என்றார். அந்தக் கோட்டைக்குச் சாக்கடை அந்த நிமிடம்தான் கட்டினார் என்பது எனக்கும் தெரியும். கல்யாணத்துக்கு அப்புறம் நாங்கள் பேசிய பெரிய பேச்சு அது. அன்று ராத்திரி மனைவியிடம் அதை இரண்டு தடவை சொன்னேன்.

இப்படி ஒரு மாதம் போனது. கதையில் ஒரு கெட்ட ராஜா. ஆற்றை மறித்து அணை கட்டி, கீழே இருக்கிற ஐந்து ஊரைக் காயப்போட்டுவிட்டான். கோட்டைக்குள் இருநூறு சிப்பாய்கள். நம்மவர்களோ மூன்று பேர். எப்படி மோதுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

"பேசாம சமையக்கட்டுல விஷத்தக் கலந்துருவோம்" என்றார் நெட்டைத் தம்பி. "இருநூறு பேரு, ஒரு அண்டா சாம்பாரு. சோலி முடிஞ்சது."

"விஷத்துக்கு எங்க போறது?" என்றாள் மகள்.

மருமகன் என் பக்கம் திரும்பினார். "சந்தையில ஒரு வியாபாரி இருக்காரு. மாமா, அந்த வியாபாரியா நீங்க உக்காருங்களேன். உங்களுக்குத் தெரிஞ்ச தொழிலுதான."

எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பனியனோடு இருந்தவன் உள்ளே போய்ச் சட்டை மாட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தேன்.

"ஏங்க, பொண்ணு பாக்கவா போறீங்க?" என்றாள் மனைவி அடுப்படியில் இருந்து.

ஜமாவுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். திருடன் பவ்யமாகக் கேட்டார்.

"அண்ணே, நல்லதாப் பாத்து ஒரு விஷம் குடுங்கண்ணே."

"என்ன பயிரு?"

"பயிரா?"

"எந்தப் பயிருக்கு அடிக்கப்போறீங்க?"

"பயிருக்கு இல்லண்ணே. கோட்டைக்கு."

"கோட்டைல என்ன பூச்சி?"

"சிப்பாய்ங்கண்ணே."

"எம்புட்டு நிலம்?"

நெட்டைத் தம்பி மருமகனைப் பார்த்தார். "ப்ரோ, கோட்டை எத்தன ஏக்கரு?"

மருமகன் சிரிக்காமல், "பன்னெண்டு" என்றார்.

"பன்னெண்டு ஏக்கர்ல ஆளுகளுக்கு அடிக்கிற மருந்து நம்மகிட்ட இல்ல தம்பி. வேற கடை பாருங்க."

வேறு கடை இல்லை. அந்தச் சந்தையில் நான் ஒருவன்தான். திருடன் கெஞ்சிப் பார்த்தார். பகடையை உருட்டினார். இருபது விழுந்தது. கண்ணாடிப் பெண் துள்ளினாள். "இருபது அங்கிள்! இதுக்கு மேல எண்ணே கிடையாது. அவரு பேசுனதுல நீங்க மயங்கியே ஆகணும்."

"மயங்கிட்டேன். பேச்சு அருமை. மருந்து கிடையாது."

"சரி, நான் வசிய மந்திரம் போடுறேன்."

"திருநீறு பூசியிருக்கேன்மா. ஒட்டாது."

திருடன் திருடப் பார்த்தார். பூட்டு போட்டிருக்கிறேன், சாவி இடுப்பில் என்றேன். தூங்கும்போது எடுப்பேன் என்றார். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, மூன்று தடவை எழுந்திருப்பேன் என்றேன். ஒன்றரை மணி நேரம் இப்படியே ஓடியது. பணியாரம் தீர்ந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அலுப்பு வந்தது. நான் வேடிக்கைக்காக மறுக்கவில்லை என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

மகள் கேட்டாள். "அப்பா, போன வாரம் நான் வாளால பதினோரு பேர வெட்டுனேன். அப்ப கை தட்டுனீங்க. எனக்குப் பணியாரம் எடுத்து வச்சீங்க. இப்ப மட்டும் என்ன?"

நியாயமான கேள்வி. "வாளு கண்ணுக்குத் தெரியும்மா" என்றேன். "எதுக்க நிக்கிறவன் கையிலயும் ஒண்ணு இருக்கு. முடியலன்னா ஓடிப்போவான். சோத்துல வச்சா? பசிச்சு வந்து உக்காந்து தலையக் குனிஞ்சிருக்கான். யாரு அடிச்சான்னுகூடத் தெரியாமச் சாவான். சூரனுக்கே நம்ம முருகன் மொதல்ல தூதுதான் விட்டான்."

மருமகன் கதை சொல்கிற உற்சாகத்திலேயே இருந்தார். "மாமா, ஒண்ணு கேக்கவா? உங்க கடைல மருந்து வாங்கிட்டுப் போறவங்க, புழுவுக்குத் தூது விட்டா அடிக்கிறாங்க?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அடுப்படியிலும் சிரிப்புக் கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை. பதில் வராததுதான் கோபமாக வந்தது.

"புழுவும் மனுசனும் ஒண்ணா? சோத்துல விஷம் வைக்கிற புத்தி இந்தக் குடும்பத்துல பொறந்தவுகளுக்கு வராது மாப்ள."

கப்பலூர்த் தம்பி பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் முகத்தில் கோபம் இல்லை. முதல் முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று வைத்திருந்த முகத்தைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார். "இன்னைக்கு இத்தோட நிறுத்திக்குவோம்" என்று நோட்டை மூடினார். நான்கு மணிக் காப்பிக்கு நிற்கவில்லை. படியிறங்கும்போது மகள் மட்டும் திரும்பினாள்.

"இன்னும் அதே பேச்சுத்தானாப்பா?"

மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள். "மருந்தப் பாத்துப் பாத்து மேசைல வைக்கத் தெரியுது. வார்த்தைய மட்டும் ஆளு மூஞ்சில எறியுறீங்க."

திங்கட்கிழமை கடைக்கு வந்தவர்களிடம் மூன்று கேள்வி கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது. செவ்வாய் இரவு மகள் போனில், "அடுத்த ஞாயிறு வாரது சந்தேகந்தான்ப்பா, அவருக்கு வேலை இருக்காம்" என்றாள். குரலில் வேலை எதுவும் தெரியவில்லை. ஹாலில் பகடை ஒன்று சோபாவுக்கு அடியில் கிடந்தது. எடுத்துத் துடைத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வேறு எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

புதன்கிழமை கிருத்திகை. கடையை மனைவியிடம் விட்டுவிட்டுத் திருப்பரங்குன்றம் போனேன். மூன்று கேள்வியும் எனக்குக் கிடைத்த இடம் அதுதான். அங்கே நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. திரும்புகிற வழியில் காளவாசலில் இறங்கினேன். அவர்கள் வீட்டுக்கு நான் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் திருநீற்றுப் பொட்டலமும்.

மருமகன்தான் கதவைத் திறந்தார். அவருக்கு அன்று வீட்டில் இருந்தே வேலை. மகள் ஆபீசில் இருந்து வரவில்லை.

"வாங்க மாமா."

"வாரேன் மாப்ள."

வழக்கமாக அடுத்தது வெயில். நான் அதை விட்டுவிட்டேன்.

"மாப்ள, உங்ககிட்ட ஒரு சேதி சொல்லணும். எம் பொண்ணுக்கே தெரியாது."

உட்காரச் சொன்னார். பால் மட்டும் போதும், விரதம் என்றேன். அவரே காய்ச்சிக் கொண்டுவந்தார். பொங்கி வழிந்த வாசனை வந்தது. நான் காட்டிக்கொள்ளவில்லை.

கடை ஆரம்பித்த புதிதில், மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு விவசாயி வந்தார். எலித்தொல்லை, மருந்து வேண்டும் என்றார். ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கையில் கொடுத்தேன். கூட்ட நேரம். அடுத்த வாரம் அவருடைய கடலைக் காட்டு வரப்பில் மயில்கள் செத்துக் கிடந்தன. ஏழு. மயில் விதைக்கடலையைப் பொறுக்கித் தின்கிறது என்று எலிமருந்தைத் தானியத்தில் கலந்து வைத்துவிட்டார். சேதி கேட்டு நானும் போய்ப் பார்த்தேன். தோகையெல்லாம் வெயிலில் அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. வனத்துறை ஆட்கள் வந்து அவரைக் கூட்டிப்போனார்கள். என்னையும் விசாரித்தார்கள். எலிமருந்து விற்றதில் குற்றம் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

"அவங்க விட்டுட்டாங்க மாப்ள. அந்த மாசம் கிருத்திகைக்குப் போயி நின்னேன். நான் கும்புடுற சாமி ஏறி வர்ற பறவை. என்னால நிமிந்து பாக்க முடியல. கைக்குக் கை நாந்தான குடுத்தேன். அன்னைக்கு அந்த வாசல்ல நின்னு ஒத்துக்கிட்டதுதான் இந்த மூணு கேள்வி. ஞாயித்துக்கிழமை உங்க கூட்டாளிக அண்டா, விஷம்னு சொன்னதும் எனக்குக் கோட்டையும் தெரியல ராசாவும் தெரியல. வரப்புதான் தெரிஞ்சது. அதுக்கு உங்களப் போயி அப்படிச் சொன்னேன் பாருங்க. அது தப்பு."

அவர் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். அப்புறம் கேட்டார்.

"அந்த விவசாயி இப்பவும் கடைக்கு வாராரா மாமா?"

"வாராரு."

"மருந்து குடுக்குறீங்களா?"

"மூணு கேள்வியும் கேட்டுட்டுக் குடுப்பேன். அவருக்கும் பயிர் இருக்குல்ல."

"நீங்க புழுவுக்குப் பதில் சொல்லலயே" என்றார். இந்தத் தடவை சிரிப்பு மெதுவாக இருந்தது.

"தெரியல மாப்ள. நாலு நாளா யோசிச்சுப் பாத்துட்டேன். புழுவுகிட்ட நம்ம என்ன சொல்ல முடியும்? அளவுக்கு மேல அடிக்காதீங்கன்னு வாங்குறவன்கிட்டத்தான் சொல்ல முடியுது."

அவர் தன் பக்கத்துச் சேதியையும் சொன்னார். கதை சொல்கிறவன் யார் கட்சியும் இல்லையாம். வீரர்களுக்கும் பொது, கெட்ட ராஜாவுக்கும் பொது. விஷ யோசனை அவருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் "கூடாது" என்று கதை சொல்கிறவன் தடுத்தால் விளையாட்டு செத்துவிடும். கதைக்குள் இருக்கிற ஒரு ஆள் தடுக்கலாம். "உங்க மூணு கேள்வி பத்தி அவ எங்கிட்டச் சொல்லியிருக்கா மாமா. கேப்பீங்கன்னு தெரிஞ்சுதான் உங்கள வியாபாரியா உக்கார வச்சேன். ஒண்ணரை மணி நேரம் கேப்பீங்கன்னுதான் தெரியாது."

நான் யாரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னேனோ, அவர்தான் அந்த ஹாலில் என் பக்கம் நின்றவர். பாலைக் குடித்தேன். அடியில் தீய்ந்திருந்தது. முழுதும் குடித்தேன். மகள் வந்து கதவைத் தள்ளியபோது நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கெட்ட ராஜாவின் அணையை எங்கே உடைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அவள் வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டாள்.

ஞாயிறு வந்தது. நான் காலையிலேயே சட்டை போட்டுவிட்டேன். வண்டிச் சத்தம் கேட்கிற வரை மாடிப்படிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். வண்டிச் சத்தம் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டேன்.

ஜமா கூடியது. மருமகன் நோட்டைத் திறந்து, கதைக் குரலில் ஆரம்பித்தார். "மறுநாள் காலை. மூன்று பேரும் மறுபடியும் அந்த வியாபாரியின் கடைக்கு வருகிறீர்கள். சந்தை இன்னும் கூடவில்லை. கடை வாசலில் மயில்கள் மேய்கின்றன." ஒரு நொடி நிறுத்தினார். "எண்ணிப் பார்த்தால், ஏழு."

மற்றவர்களுக்கு அது வெறும் வர்ணனை. நான் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். மனைவிக்கு மட்டும் ஏழு என்றால் என்ன என்று தெரியும். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"அப்பா, கடைய விட்டுட்டு எங்க பேப்பர் படிக்கிறீங்க?" என்றாள் மகள். போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை அவர்கள் பதிலோடு வந்திருந்தார்கள்.

"பயிரு, கீழ இருக்குற அஞ்சு ஊரு" என்றாள் மகள். "பூச்சி, ராஜா. நிலம்... ராஜா உக்காந்திருக்குற இடம் மட்டும்."

"ஒரு பூச்சிக்கா வயல் முழுக்க அடிப்பீங்க? அந்த அண்டாவுல சமையக்காரன் சாப்புடுவான். குதிரைக்காரன் சாப்புடுவான்."

"அப்ப என்னதாண்ணே குடுப்பீங்க?" என்றார் திருடன், அழாத குறையாக.

அதற்கு நான் நான்கு நாட்களாக யோசித்து வைத்திருந்தேன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு முக்கோணம் இருக்கும். பச்சை என்றால் வீரியம் குறைவு. சிவப்பு என்றால் கொடிய விஷம், மண்டையோடு போட்டிருக்கும். படிக்கத் தெரியாதவரும் சிவப்பைப் பார்த்தால் கையை எடுத்துவிடுவார். "மருந்து தர மாட்டேன்" என்றேன். "சிவப்பு முக்கோணம் நூறு சீட்டுத் தாரேன். கோட்டைக்குப் போற காய்கறி வண்டில போங்க. மூட்டை, அண்டா, உப்புச்சாடி, ஒண்ணு விடாம ஒட்டிட்டு வாங்க. சாப்புடுறவன் பாத்துட்டு முடிவு பண்ணட்டும்."

நெட்டைத் தம்பி என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "அண்ணே, நீங்கதாண்ணே திருடன்."

கண்ணாடிப் பெண் விடவில்லை. "அங்கிள், உள்ள விஷமே இல்லாம விஷம்னு ஒட்டுறது பொய் இல்லையா? உங்க தொழில்ல பொய் லேபிள் ஒட்டுனா என்ன பண்ணுவாங்க?"

"லைசென்ஸப் புடுங்கிருவாங்கம்மா." மாட்டிக்கொண்டேன். மருமகனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். கதை சொல்கிறவன் பொதுவானவனாம். "பொய்தான்" என்றேன். "இந்தப் பொய்க்கு நான் முருகன்கிட்டக் கேட்டுக்குவேன். பொய்க்கு மன்னிப்பு உண்டு. செத்தவன எழுப்புறதுக்கு எங்கிட்ட மருந்தே இல்ல."

"பகடைய நீங்கதான் உருட்டணும் மாமா" என்றார் மருமகன். சாமி படத்துப் பக்கத்தில் வைத்திருந்த பகடையை எடுத்துவந்தேன். "முருகா" என்று உருட்டினேன். அது ஹாலைத் தாண்டி உருண்டு பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. மனைவி விளக்குமாற்றுக் குச்சியால் இழுத்தாள். வெளியே வந்து நின்றபோது பதினேழு.

அதன் பிறகு நடந்ததை மருமகன் சொல்லச் சொல்ல நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். சிப்பாய்கள் சோற்றைத் தொட மறுக்கிறார்கள். ராஜா சாப்பிடச் சொல்லி அதட்டுகிறான். சமையல்காரன், "மொதல்ல நீங்க ஒரு வாய் சாப்புடுங்க ராசா" என்கிறான். ராஜா தனக்கு வயிறு சரியில்லை என்கிறான். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இருநூறு பேரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். அணையைத் திறந்தபோது தண்ணீர் எப்படிப் போனது என்று மருமகன் சொன்னதைக் கேட்டால், வைகையில் தண்ணீர் வந்த மாதிரி இருந்தது.

இப்போதும் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு நாடு, வேறு ராஜா. ஆனால் அந்தச் சந்தைக் கடை மட்டும் எல்லா நாட்டிலும் இருக்கிறது. வீரர்கள் ஏதாவது வாங்க வந்தால் மூன்று கேள்வி உண்டு. கிருத்திகை அன்று கடை அடைப்பு. ஒரு ஞாயிறு கிருத்திகையாக வந்துவிட, மூன்று பேரும் பூதத்தோடு வெறுங்கையால் சண்டை போட வேண்டியிருந்தது. என்னைத் திட்டிக்கொண்டேதான் போட்டார்கள்.

ஞாயிறு மத்தியானம் மருமகன் படியேறி வரும்போது நான் இப்போதும் எழுந்து நிற்கிறேன். வெயிலைப் பற்றிப் பேசுவதில்லை.

"வாங்க மாப்ள. கடை வாசல்ல மயிலு வந்துச்சா?"

"ஏழும் வந்துருச்சு மாமா. ஒண்ணு திருடனக் கொத்த வருது."

"கொத்தட்டும், கொத்தட்டும்" என்பேன். உள்ளே இருந்து மனைவி, "ரெண்டு பேரும் மொதல்ல சாப்புட்டு அப்புறம் மயிலு மேய்க்கலாம், சோறு ஆறுது" என்பாள்.